ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு: மெக்லாரன் பியாஸ்ட்ரிக்குச் செய்தது என்ன?

வளைவு_எட்டு:

ஃபார்முலா 1 கார் ரேஸ் சீசன் முடிந்தும் மனசு ஆறவில்லை, அதனால் கேட்டே விடுகிறேன். 2025 ஆகஸ்ட் 31, ஸாண்ட்வோர்ட். மெக்லாரனின் ஒரு டிரைவர் நாரிஸ், அவர் கார் புகைந்து நின்றுவிட்டது, மனுஷன் மணல்மேட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டார். இன்னொரு டிரைவர் பியாஸ்ட்ரி ஜெயித்து, சாம்பியன்ஷிப்பில் 34 பாயிண்ட் முன்னால் போனார். ரெட்புல்லின் வெர்ஸ்டாப்பன் 104 பாயிண்ட் பின்னால், அவரை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. டிசம்பரில் கடைசி ரேஸான அபுதாபி முடிந்தபோது பார்த்தால் நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. மூன்றாவது இடம்!

இது தானாக நடந்தது என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சில்வர்ஸ்டோனில், ஆபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக ஓடவைக்கிற சேஃப்டி காருக்குப் பின்னால் பிரேக் அடித்ததற்காக பியாஸ்ட்ரிக்கு 10 செகண்ட் தண்டனை. அது நியாயமில்லை என்று நினைத்தால் எங்கள் இடத்தை மாற்றிக் கொடுங்கள் என்று ரேடியோவில் கேட்டுப் பார்த்தார், டீம் முடியாது என்றது. புடாபெஸ்டில் நாரிஸுக்கு மட்டும் டயர் மாற்ற ஒரே பிட் ஸ்டாப், ஜெயித்தார். மான்சாவில் நாரிஸுக்குச் சக்கரம் மாட்டும் வீல் கன் சொதப்பியதற்கு பியாஸ்ட்ரி இரண்டாம் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். சிங்கப்பூரில் முதல் லேப்பிலேயே நாரிஸ் வந்து இடித்தார், அதற்கு எந்த இட மாற்றமும் இல்லை. ஒன்றிரண்டு என்றால் தற்செயல் என்று விடலாம், இத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்கு ஓரவஞ்சனை என்றுதானே பெயர்? நாரிஸ் பிரிட்டிஷ்காரர், 2019-லிருந்து அங்கேயே இருப்பவர், டீமும் பிரிட்டிஷ் டீம். நான்தான் கண்ணாடி போட்டுப் பார்க்கிறேனா, சொல்லுங்கள்.

பிட்_சுவர்:

கண்ணாடிதான் பாஸ். ஆனால் முழுத் தப்பும் உங்களுடையது இல்லை, நமக்கு டிவியில் கேட்பது பத்தில் ஒரு ரேடியோ.

புடாபெஸ்ட் முதலில். நாரிஸ் ஸ்டார்ட்டில் கோட்டைவிட்டு ஐந்தாவதுக்குப் போனவர். பியாஸ்ட்ரி முன்னால் ஃபெராரியின் லெக்லெர்கைத் துரத்திக்கொண்டிருந்தார், அதற்கு இரண்டு ஸ்டாப்தான் சரியான வழி. பின்னால் இருப்பவனுக்கு இழக்க எதுவும் இல்லை, ஆகவே வேறு வழியைப் போட்டுப் பார்ப்பார்கள். பழைய டயரில் அத்தனை லேப் தாக்குப்பிடித்து 0.7 செகண்டில் ஜெயித்தது நாரிஸின் சாமர்த்தியம். சூதாட்டம் பலித்துவிட்டது, அவ்வளவுதான்.

மான்சாவுக்கு வருவோம், அங்கேதான் விஷயமே இருக்கிறது. எந்த டீமிலும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: முன்னால் ஓடும் காருக்கே முதல் பிட் ஸ்டாப். ஏனென்றால் முதலில் உள்ளே போனவன் புது டயரில் ஒரு லேப் ஓடினாலே பழைய டயரில் ஓடுகிறவனைத் தாண்டிவிட முடியும், அண்டர்கட் என்பது அதுதான். மான்சாவில் பியாஸ்ட்ரிக்குப் பின்னால் லெக்லெர்க் இருந்தார். அவரைத் தடுப்பதற்காக வழக்கத்தை மாற்றி, நாரிஸுக்குப் பின்னால் இருந்த பியாஸ்ட்ரியை முதலில் கூப்பிட்டார்கள். நாரிஸிடம் கேட்டார்கள், அவர் அண்டர்கட் ஆகாது என்றால் சரி என்றார். டீம் அப்படி வாக்குக் கொடுத்துவிட்டது, அடுத்த லேப்பில் நாரிஸ் உள்ளே வந்தால் 5.9 செகண்ட் ஸ்டாப். பியாஸ்ட்ரிக்கு ஆனது 1.9. இப்போது சொல்லுங்கள், இடத்தை மாற்றச் சொன்னது வீல் கன்னுக்காகவா, கொடுத்த வாக்குக்காகவா? ஸ்லோ ஸ்டாப் ரேஸில் ஒரு பகுதி என்றுதானே பேசியிருந்தோம் என்று பியாஸ்ட்ரி கேட்டது நியாயமான கேள்வி. டீம் சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிட்டார்கள்.

அதோடு 2024 புடாபெஸ்டை வசதியாக மறந்துவிட்டீர்கள். அதே மாதிரி வரிசை மாற்றித்தான் நாரிஸை முதலில் கூப்பிட்டார்கள், அவர் முன்னால் வந்துவிட்டார், லேப் கணக்கில் கெஞ்சவிட்டுக் கடைசியில் விட்டுக்கொடுத்தார். பியாஸ்ட்ரியின் முதல் வெற்றியே அதுதான். அன்று வெண்ணெய் எந்தக் கண்ணில் இருந்தது?

மிச்ச சரிவு அவரே செய்துகொண்டது. பாகுவில் தொடக்க வரிசையைத் தீர்மானிக்கிற குவாலிஃபையிங்கில் சுவர், ரேஸில் ஜம்ப் ஸ்டார்ட், முதல் லேப்பில் மறுபடி சுவர். ஆஸ்டின், மெக்சிகோவில் வேகமே இல்லை. பிரேசிலில் சின்ன ரேஸான ஸ்பிரிண்ட்டில் சுவரில் மோதினார், ரேஸில் தண்டனை வாங்கினார். இதெல்லாம் யார் செய்த சதி?

கிள்ளான்_மைந்தன்:

தம்பி வளைவு_எட்டு, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2013-இல் மலேசியாவின் செபாங்கில் மேட்டுச் சரிவில் குடையோடு உட்கார்ந்திருந்தவன் நான். முதலில் தூறல், அப்புறம் வேகவைக்கிற வெயில். கடைசி ஸ்டாப்புக்குப் பிறகு ரெட்புல்லின் வெபர் முன்னால், அதே டீமின் வெட்டல் பின்னால். இனி சண்டை வேண்டாம் என்று இருவருக்கும் சொல்லியாகிவிட்டது என்று எங்களுக்குத் தெரியாது. வெபர் எஞ்சினைத் தணித்துவிட்டார், வெட்டல் தணிக்கவில்லை. பிட் சுவரை ஒட்டி இரண்டு காரும் தேய்த்துக்கொண்டு போனபோது நாங்கள் எழுந்து நின்று கத்தினோம், என்ன ரேஸ் என்று. வீட்டுக்கு வந்து டிவியில் பார்த்த பிறகுதான் அந்த ‘மல்டி 21’ கதை தெரிந்தது. இரண்டாம் நம்பர் கார் முன்னால், ஒன்றாம் நம்பர் பின்னால் என்று அர்த்தம். மேடையில் வெபர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஷாம்பெயின் குடிக்கிற முகமா அது.

அதே நாளில் மெர்சிடீஸிலும் இதே உத்தரவு. ரோஸ்பெர்க் ஹாமில்டனைத் தாண்டக் கூடாது என்றார்கள், அவர் கேட்டுக்கொண்டு நான்காவதாக வந்தார். ஒரே மைதானம், ஒரே பிற்பகல், ஒருவர் மீறினார், ஒருவர் அடங்கினார்.

நான் சொல்ல வருவது வேறு. பியாஸ்ட்ரியின் மேனேஜர் யார்? அதே வெபர்தான். 2010 சில்வர்ஸ்டோனில் ரெட்புல்லுக்குப் புது முன் இறக்கை இரண்டுதான் இருந்தது. வெட்டலுடையது பயிற்சியில் கழன்று போனதும், வெபர் காரில் இருந்ததைக் கழற்றி வெட்டலுக்குப் போட்டார்கள். வெட்டல் பாயிண்டில் முன்னால் இருக்கிறார் என்று காரணம் சொன்னார்கள். மறுநாள் வெபர் பழைய இறக்கையோடு ஜெயித்து, இரண்டாம் நம்பர் டிரைவருக்கு இது மோசமில்லை என்று ரேடியோவிலேயே குத்தினார். அந்தக் காயத்தோடு இருக்கிறவர் பக்கத்தில் நின்றால் எந்தப் பையனுக்கும் எல்லாமே சந்தேகமாகத் தெரியும். அவர் எதுவும் ஓதினார் என்று சொல்லவில்லை, நான் அந்த இடத்தில் இருந்தால் ஓதியிருப்பேன் என்கிறேன்.

2016-இலும் செபாங்கில் இருந்தேன். ஹாமில்டன் முன்னால் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்போது 41-வது லேப்பில் எஞ்சின் நெருப்பைக் கக்கியது. மெர்சிடீஸ் எஞ்சினோடு எட்டு டிரைவர் ஓட்டுகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டார். சீசன் தொடக்கத்தில் அவருடைய மெக்கானிக்குகளில் சிலரை ரோஸ்பெர்க் பக்கம் மாற்றியிருந்தார்கள், அந்தப் புண் வேறு. கடைசியில் ரோஸ்பெர்க் 385, ஹாமில்டன் 380. அந்த எஞ்சின் மட்டும் நின்றிருக்காவிட்டால் என்று இன்றைக்கும் கிள்ளானில் டீக்கடையில் பேசுவோம். ஆனால் எந்தக் கம்பெனியாவது உலகமே பார்க்கத் தன் எஞ்சினையே கொளுத்திக்கொள்ளுமா?

ஸ்பேனர்_கோவை:

பெரிய டீம்களைப் பற்றி எனக்கு என்னங்க தெரியும், ஒரு சின்ன டீமில் நான்கு வருஷம் ஸ்பேனர் பிடித்தவன், பெயர் வேண்டாம். இரண்டு காரும் ஒன்றுதான் என்று எல்லா முதலாளியும் சொல்வார்கள். இரண்டு கார் ஒரு நாளும் ஒன்றாக இருக்காதுங்க. ஒரு எஞ்சின் கொஞ்சம் நல்லா இழுக்கும், ஒரு கியர்பாக்ஸ் மூன்றாவதில் முனகும்.

செட்டிபாளையம் டிராக்கில் ஒரு சனிக்கிழமை, புது ஷாக் அப்சார்பர் ஒரு செட்தான் வந்தது. யார் காருக்கு என்று கேட்டேன், முதலாளி தலையை லேசாக அசைத்தார், சீனியர் பையன் பக்கம். இன்னொரு பையனிடம் ஒருவரும் சொல்லவில்லை. நாலு சக்கரத்துக்குக் கீழேயும் தராசு வைத்து எடை பார்த்து, பழைய ஷாக்கிலேயே என்னால் முடிந்த மட்டும் சரி பண்ணி அனுப்பினேன். மூன்று லேப்தான். உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் பக்கத்துக் காரிடம் போய்க் குனிந்து பார்த்தான். பிறகு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த தண்ணி பாட்டிலை வாங்கிக் கீழே வைத்துவிட்டான். அன்றைக்கு அவன் என்னைத்தான் முறைத்தான், முதலாளியை இல்லை.

அதனால் சதி கிதி எல்லாம் இல்லைங்க. ஒரே ஒரு பாகம் வரும்போது யாருக்கு முதலில் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள், அங்கே இருக்கும் ஓரவஞ்சனை. மெக்லாரனில் அப்படி நடந்ததாக நான் எதையும் பார்க்கவில்லை.

ஈரடயர்:

எல்லோரும் 2007-ஐ விட்டுவிட்டீர்கள், மெக்லாரன் சூடுபட்டதே அங்கேதான். ஹங்கேரி குவாலிஃபையிங்கில் மெக்லாரனின் அலோன்சோ பிட்டிலேயே காரை நிறுத்திவைத்து, பின்னால் காத்திருந்த அதே டீமின் ஹாமில்டன் கடைசி லேப்பைக் கோட்டைவிட வைத்தார். அலோன்சோவுக்கு ஐந்து இடம் தண்டனை. சீனாவில் கம்பி தெரிகிற டயரோடு ஹாமில்டனை ஓடவிட்டு பிட் வாசலில் சரளைக் கல்லில் சிக்கவைத்தார்கள், நாங்கள் அலோன்சோவோடுதான் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம் என்று அன்றைய டீம் தலைவர் ரான் டென்னிஸ் வாய்விட்டே சொன்னார். கடைசியில் ஃபெராரியின் ரைக்கோனன் 110 பாயிண்ட், இவர்கள் இருவரும் 109. வீட்டுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரன் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

2025-இல் மெக்லாரன் தலைமை அதிகாரி சாக் பிரவுன், அப்படி ஒரு பாயிண்டில் போனாலும் போகட்டும், ஒருவரை மட்டும் தூக்கிவிட மாட்டோம் என்கிற மாதிரி பேசினார். எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது. இரண்டு டிரைவரும் தங்களுக்குள் எப்படிப் போட்டி போடலாம் என்பதற்குப் பப்பாயா ரூல்ஸ் என்று பெயர் வைத்து எல்லாவற்றிலும் தலையிட்டால், ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒருவன் அழத்தான் செய்வான். தலையிடாமல் விட்டிருந்தால் திட்ட ஆள் இருந்திருக்காது.

வளைவு_எட்டு:

சரி, பாகுவை ஒத்துக்கொள்கிறேன், அது அவரே போட்டுக்கொண்ட மண். கோவை அண்ணா, அந்தத் தண்ணி பாட்டில் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். ஆனால் மான்சா என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இடத்தை மாற்றாமல் இருந்திருந்தால் பியாஸ்ட்ரிக்கு 3 கூட, நாரிஸுக்கு 3 குறைவு. மனசளவிலும் அங்கேதான் அவர் உடைந்தார் என்று நினைக்கிறேன்.

பிட்_சுவர்:

அந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பாருங்கள். பியாஸ்ட்ரி 413. நாரிஸ் 420. வெர்ஸ்டாப்பன் 421.

வளைவு_எட்டு:

அட! இதை நான் யோசிக்கவே இல்லை. அப்போது மேக்ஸ் வெர்ஸ்டாப்பன்தான் ஐந்தாவது தடவையும் சாம்பியன், மறுபடி 2007. சரி, மான்சாவை விட்டுவிடுகிறேன். கத்தாரை விடமாட்டேன். ஏழாவது லேப்பில் சேஃப்டி கார், சுற்றி எல்லோரும் உள்ளே போகிறார்கள், முதலிடத்தில் ஓடுகிற பியாஸ்ட்ரியை மட்டும் வெளியே விட்டு...

ஈரடயர்:

இருவரையும்தான் வெளியே விட்டார்கள்.

வளைவு_எட்டு:

ஆமாம், இருவரையும்தான். ஏன் விட்டார்கள்? ஒரே லேப்பில் இரண்டு காரையும் கூப்பிட்டால் பின்னால் நிற்கிறவருக்கு நேரம் போகும். பின்னால் நின்றது யார்? இதற்கு யாராவது பதில் சொல்லிவிட்டு அப்புறம் என் கண்ணாடியைப் பற்றிப் பேசுங்கள்.