மடிக்கணினியில் அட்டை எங்கே? ஜிபியுவுக்கு ஒரு தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினித் திரையில் தோன்றும் படங்களை உருவாக்கும் சில்லான ஜிபியுவுக்கு ‘வரைகலைச் செயலி’ என்பதையே நிலைநிறுத்தலாம் என்று சென்னை நண்பர் எழுதியதையும், ‘வரைகலை அட்டை’ ஏற்கெனவே பழகிவிட்டதால் அதுவே போதும் என்று யாழ்ப்பாணத்து அம்மையார் கூறியதையும் படித்தேன். இவ்விரண்டுமே பயனரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுகின்றன என்பது என் கருத்து. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் குழு செய்துவரும் வேலையைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

1860இல் ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கிய இந்திய ஒப்பந்தக் கூலிக் குடியேற்றத்தால், டர்பனை உள்ளடக்கிய நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களை ஒட்டி எழுந்த கோயில்களையும் குடியிருப்புகளையும் நாங்கள் வரைபடத்தில் குறித்து வருகிறோம். 1950ஆம் ஆண்டின் இனவாரி வாழிடச் சட்டத்தால் மக்கள் அப்புறப்படுத்தப்பட்ட, டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் பழைய தெருவே இன்று இல்லை. எனவே அக்கால வான்வழிப் படங்களை முப்பரிமாண நிலத்தோற்றத்தின்மேல் பொருத்திப் பார்த்தால்தான் எந்த மேட்டில் எந்த வீட்டு வரிசை இருந்தது என்பது விளங்கும். தன்னார்வலர்கள் தத்தம் மடிக்கணினிகளையே கொண்டுவருகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்து, இப்போது ஆர்வத்தோடு தமிழ் படிக்கும் இளையோர். எங்கள் தமிழ்க் கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்து, அதில் சொன்னபடியே செய்கிறவர்கள்.

ஒரு மாணவியின் மடிக்கணினியில் தட்டையான வரைபடம் ஒழுங்காகத் திறந்தது. முப்பரிமாணக் காட்சிக்கு மாறியதும் திரை கறுத்தது. கையேட்டில் ‘வரைகலை அட்டையைச் சரிபார்க்கவும்’ என்று இருந்ததைப் படித்த அவர், கணினியைக் கவிழ்த்துவைத்து அட்டையைக் கழற்றும் மூடி எங்கே என்று தேடத் தொடங்கினார். மேசைக் கணினியில் அப்படி ஓர் அட்டை உண்டு. ஆனால் இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அது தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட சில்லு. அதைவிட முக்கியமானது, பல மடிக்கணினிகளில் ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன என்பதுதான். மையச் செயலியோடு ஒரே சில்லில் குடியிருப்பது ஒன்று. தனக்கென நினைவகம் கொண்டு தனியே நிற்பது மற்றொன்று. என்விடியா 2010இல் கொண்டுவந்த ஆப்டிமஸ் போன்ற ஏற்பாடுகளில், திரை முதலாவதோடுதான் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது தான் உருவாக்கிய படத்தை முதலாவதன் வழியாகவே திரைக்கு அனுப்பும். மென்பொருள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு, அதன் இயக்கியும் (டிரைவர்) பழையதாக இருந்துவிட்டால், விலை உயர்ந்த இரண்டாவது சும்மா இருக்கும். அந்த மாணவியின் கணினியில் நடந்ததும் இதுவே.

விண்டோசில் வரைகலை விவரங்களைக் காட்டும் ‘டிஎக்ஸ்டயக்’ கருவியைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும். இத்தகைய மடிக்கணினிகளில் திரையை நடத்துவது ‘டிஸ்ப்ளே’ என்ற தாவலிலும், மற்றது ‘ரெண்டர்’ என்ற தாவலிலும் நிற்கும். இரண்டையும் ஒரே ‘அட்டை’யாகச் சொல்லிவிட்டால், எந்தத் தாவலைப் பார்க்கச் சொல்கிறோம் என்பதையே பயனருக்குச் சொல்ல முடிவதில்லை.

‘வரைகலைச் செயலி’க்கு இடையூறு வேறு. கைப்பேசியில் நிறுவும் ‘ஆப்’ என்பதற்குச் செயலி என்ற சொல் நாளிதழ்களிலும் பேச்சிலும் வேரூன்றிவிட்டது. ‘வரைகலைச் செயலியைப் புதுப்பிக்கவும்’ என்று எழுதினால், படிப்பவர் வரைபட மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடிப் போகிறார். புரொசசருக்கு இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் ‘முறைவழியாக்கி’ இக்குழப்பத்திலிருந்து தப்பிக்கிறது; ஆயினும் அதன்முன் வரைகலையையும் சேர்த்தால் எங்கள் மாணவர்களின் நாவில் நிற்பதற்கு மிக நீளமாகிவிடுகிறது.

இதுவரை வந்த பரிந்துரைகளுள் ‘வரைவி’ அழகானது. ஆனால் பெரிய தாளில் வரைபடம் தீட்டித்தரும் பிளாட்டருக்கு அச்சொல் வழங்குகிறது. வரைபடம் செய்வோர் நடுவிலேயே அது இரண்டு பொருள் தந்தால் நமக்கு உதவாது. ‘தீட்டி’ என்பதைக் கோயில் நிருவாகப் பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் காதில் முதலில் விழுவது தீட்டு என்ற சொல்தான். ‘காட்சியாக்கி’யோ திரையில் காட்டும் வேலையையே முன்னிறுத்துகிறது, மேலே சொன்ன இரண்டு தாவல்களின் வேறுபாட்டை அது அழித்துவிடும்.

நான் முன்வைப்பது ‘வனைவி’. குயவர் மண்ணைப் பானையாக வனைவதுபோல, முக்கோணங்களாகவும் எண்களாகவும் வரும் தரவை இது உருவமாக வனைகிறது. வரை என்பதிலிருந்து வரைவி வந்த அதே வழியில் வனை என்பதிலிருந்து இதுவும் வருகிறது. மையச் செயலியோடு உறைவதை ‘உடன்வனைவி’ என்றும், தனித்து நிற்பதைத் ‘தனிவனைவி’ என்றும் பிரித்தால் கையேட்டு வாக்கியம் இப்படி அமையும்: ‘விண்டோஸ் அமைப்புகளில் கிராபிக்ஸ் பகுதியைத் திறந்து, இம்மென்பொருளை உடன்வனைவியிலிருந்து தனிவனைவிக்கு மாற்றுக, பின்னர் இரண்டு வனைவிகளின் இயக்கிகளையும் புதுப்பிக்க.’ ‘வரைகலை அட்டை’ என்பதை மேசைக் கணினியில் செருகும் பலகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இதனோடு சேர்ந்தே தீர்க்கவேண்டிய இன்னொரு சொல் ‘ஃபீச்சர் லெவல்’. டிஎக்ஸ்டயக்கின் முதல் பக்கத்தில் விண்டோசின் வரைகலை மென்பொருள் தொகுப்பான டைரக்ட்எக்ஸ் 12 என்றிருப்பது இயங்குதளத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. சில்லுக்கு என்னென்ன செய்ய வரும் என்பதை அந்தந்தத் தாவலுக்குள் இருக்கும் ஃபீச்சர் லெவல் வரிசைதான் சொல்லும். ஆர்க்ஜிஐஎஸ் புரோ என்ற வரைபட மென்பொருள் குறைந்தது 11.0 கேட்கிறது, இன்டெல் எச்டி 3000 போன்ற பழைய உடன்வனைவிகள் 10.1உடன் நின்றுவிடுகின்றன. இதற்கு ‘வசதிநிலை’ என்றால் பணவசதி நினைவுக்கு வருகிறது; ‘திறன்நிலை’ என்றால் வேகம் என்று எண்ணி, நினைவகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று செலவு செய்கிறார்கள். ஈழத்து வழக்கின் ‘இயலுமை’ இங்கே மிகப் பொருந்துகிறது. ‘இயலுமைநிலை 11.0’ என்பது வேகத்தைப் பற்றிப் பேசாமல், செய்ய இயலுமா இயலாதா என்பதையே பேசுகிறது.

பெயர் பிரித்துச் சொல்வது எங்களுக்கு ஏன் இத்தனை அவசரம் என்றால், இந்நாட்டில் அண்மை ஆண்டுகளில் நாங்கள் கண்ட சுழற்சி மின்வெட்டும் ஒரு காரணம். மின்கலத்துக்கு மாறியதும் மின்சிக்கனம் கருதி உடன்வனைவிக்குத் தாவும்படி சில மடிக்கணினிகள் அமைக்கப்பட்டுள்ளன. காலையில் ஓடிய முப்பரிமாணக் காட்சி மாலையில் திணறினால், மென்பொருள் கெட்டுவிட்டதென்று நீக்கி மீண்டும் நிறுவுகிறார்கள். ‘இப்போது எந்த வனைவி ஓடுகிறது?’ என்ற ஒரு கேள்வி அந்த வேலையை மிச்சப்படுத்தும்.

ஜிபியு இன்று படம் வனைவதோடு நிற்காமல் கணக்கீடும் செய்கிறதே என்று கோவை நண்பர் கேட்கக்கூடும். உண்மைதான், ஆனால் ஆங்கிலப் பெயரும் கிராபிக்சையே சுமந்துகொண்டு அவ்வேலையையும் செய்கிறது. எனக்கு உறுதிப்படாமல் இருப்பது ‘உடன்வனைவி’யின் முன்னொட்டு மட்டுமே: உடன் என்பது ‘உடனடியாக’ என்று ஒலிக்கிறதா, ‘உறைவனைவி’ என்று மாற்றினால் தெளிவாகுமா என்பதைக் கற்பிக்கும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லவேண்டும். கையேட்டின் அடுத்த பதிப்பை அச்சுக்கு அனுப்புமுன் அதைத் திருத்திக்கொள்கிறேன்.