நோயாளி உரிமைப் பயிற்சி: வகுப்பறையிலா, வார்டிலா?

பயிற்சிமேசை:
வருஷத்துக்கு ஒருமுறை நாலு மணி நேர வகுப்பு, கடைசியில் 20 கேள்வித் தேர்வு, தேறினால் சான்றிதழ். நோயாளி உரிமைகளை ஊழியர்களுக்குச் சொல்லித்தரும் இந்த முறையை மூட்டை கட்டிவிட்டு வார்டிலேயே பழக்கச் சொல்கிறார்கள். நான் கூடாது என்கிற கட்சி. மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுக்கு எல்லை வகுத்த 1947 நியூரம்பர்க் விதிகள், 1964 ஹெல்சிங்கி பிரகடனம், நோயாளி உரிமைகளுக்காக 1981இல் உலக மருத்துவச் சங்கம் கொண்டுவந்த லிஸ்பன் பிரகடனம், இதெல்லாம் சும்மா வரவில்லை. மனிதர்களைக் கேட்காமலே அவர்கள் உடம்பில் கைவைத்ததால் வந்தவை. இந்தப் பின்னணி தெரியாதவருக்கு ஒப்புதல் படிவம் ஃபைலில் இன்னொரு தாள், அவ்வளவுதான். வகுப்பு என்றால் எல்லாருக்கும் ஒரே பாடம் போய்ச் சேரும். யார் வந்தார்கள் என்று பதிவும் இருக்கும், ஆடிட் வந்தால் காட்டலாம்.

வார்டுக்காரி:
கடைசி வரியிலதான் உண்மை வந்துச்சு சார், ஆடிட்டுக்குக் காட்ட. "ஒப்புதல் இல்லாமல் ஆபரேஷன் செய்யலாமா?"ன்னு தேர்வுல கேட்டா யாரு "செய்யலாம்"னு டிக் போடுவாங்க?

வார்டுல கேள்வி அப்படி வர்றதில்ல. மணி 7:20. முதல் கேஸ் 8 மணிக்கு. ஃபைல்ல கையெழுத்து இல்ல. டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார், ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து ரெண்டாவது போன் வந்தாச்சு. நர்ஸ் பேடையும் பேனாவையும் எடுத்துட்டுப் போய் "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா"ன்னு நீட்டுறாங்க. உரிமை தெரியாதவங்க அங்க யாருமில்ல, எல்லாரும் பாஸ் பண்ணவங்கதான். அதுக்குள்ள ப்ரீமெட்டா, அதாவது ஆபரேஷனுக்கு முன்னாடி, தூக்கக் கலக்கம் தர்ற மிடாசோலம் மருந்தைப் போட்டிருந்தா அந்தக் கையெழுத்துக்கு அர்த்தமே இல்ல.

பயிற்சி கொடுக்க வேண்டியது அந்த போனுக்குத்தான். "ஒப்புதல் கையெழுத்தாகல. யார் விளக்கினாங்கன்னு ஃபைல்ல இல்ல. ப்ரீமெட் நிறுத்தி வச்சிருக்கேன். டாக்டர் வந்து பேசினதும் அனுப்புறேன்." நாலே வாக்கியம். வாய்விட்டுச் சொல்லிப் பழகாதவங்களுக்கு 7:20க்கு அது வராது.

சட்டப்புள்ளி:
ஒரு திருத்தம். நாலு வாக்கியத்துக்கு முன்னால் அந்த நர்ஸுக்குத் தன் கையெழுத்தின் எல்லை தெரியவேண்டும். படிவத்தில் அவர் சாட்சி. இன்னார்தான் கையெழுத்துப் போட்டார், வற்புறுத்தல் இல்லாமல் போட்டார் என்பதற்கு மட்டும் சாட்சி. நோய் என்ன, செய்யப்போவது என்ன, பலன், ஆபத்து, மாற்று வழி, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற ஆறையும் சொல்லவேண்டியது சிகிச்சை செய்பவர், அல்லது அதை முழுசாக அறிந்த டாக்டர்.

இரண்டு தீர்ப்புகளையாவது வகுப்பில் விரிவாகப் பேசவேண்டும். முதலாவது, 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம் தந்தது. வயிற்றுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு அவசரம் இல்லை, நோயாளி வயதுவந்தவர், சற்று நேரத்தில் கண்விழிப்பார், ஆகவே தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். இரண்டாவது, 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தந்தது. நீரிழிவுள்ள கர்ப்பிணிக்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும் வாய்ப்பு 9-10 சதவீதம். அதை அவரிடம் சொல்லவில்லை. மற்ற டாக்டர்கள் சொல்வார்களா என்பது அளவுகோல் அல்ல, இந்த நோயாளி எதை முக்கியமாக நினைப்பார் என்பதே அளவுகோல் என்று தீர்ப்பானது. போன் வசனத்தை ஒப்பித்து இதைக் கற்க முடியாது.

பயிற்சிமேசை:
இதைத்தான் நானும் சொல்கிறேன். அடிப்படை இல்லாமல் பழக்கினால் கிளிப்பேச்சுதான் மிஞ்சும். கேட்டதை நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லும் டீச்-பேக் முறை எப்படி ஆகிவிட்டது பாருங்கள். பாதி இடத்தில் "புரிஞ்சுதா?" என்கிறார்கள், மீதி இடத்தில் நோயாளிக்கே பரீட்சை வைக்கிறார்கள்.

வார்டுக்காரி:
கெட்டுப்போறது உண்மைதான், ஆனா அது கிளாஸ்ல ஸ்லைடு போட்டதால கெட்டது சார். டாக்டரோ நர்ஸோ சொல்றதுல 40லேர்ந்து 80 சதவீதம் வரைக்கும் உடனே மறந்துபோகுதுன்னு 2003ல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை சொல்லுது. அது ஸ்லைடுல இருக்கும். எப்படிக் கேக்கணுங்கறது இருக்காது.

ஒரு தடவைக்கு ரெண்டு மூணு விஷயத்துக்கு மேல சொல்லக் கூடாது. பழியை நம்ம மேல போட்டுக்கிட்டுக் கேக்கணும்: "நான் தெளிவா சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுல கேட்டா இந்த மாத்திரையை எப்படிப் போடணும்னு சொல்வீங்க?" தப்பா வந்தா அதே வாக்கியத்தைச் சத்தமா திரும்பச் சொல்றது வேஸ்ட், வேற மாதிரி சொல்லணும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு கையில பை, வாசல்ல வண்டின்னு நிக்கிறவங்ககிட்ட கேட்டா "எல்லாம் புரிஞ்சுது"ங்கற பதில்தான் கிடைக்கும்.

இதுக்கு மூணு பேர், 15 நிமிஷம், ஷிஃப்ட் மாறுற நேரம் போதும். ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் நோயாளி, ஒருத்தர் பார்வையாளர். நோயாளியா நடிக்கிறவர் கையில ஒரு சீட்டு: "எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வெளிய சொல்ல வெட்கம். கேட்டா கண்ணாடி கொண்டுவரலன்னு சொல்லுங்க." சீட்டுல இருக்கறது நர்ஸுக்குத் தெரியாது. பார்வையாளர் மார்க் போடக் கூடாது, காதுல விழுந்த வார்த்தையை அப்படியே எழுதணும். கடைசியில அதை வாசிச்சுக் காட்டினாப் போதும், யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்ல.

இரவுப்பணி:
ரெண்டு தரப்பும் ஊழியரை மாத்தப் பாக்குறீங்க. ராத்திரி ஒரு நர்ஸுக்கு 30 படுக்கைன்னா எந்தப் பயிற்சி நிக்கும்? பயிற்சி கொடுத்துட்டா நிர்வாகத்துக்கு ஒரு வசதி வேற: "நாங்க சொல்லிக்கொடுத்தாச்சு, தப்பு உன்னோடது."

மாத்த வேண்டியது வேலை நடக்கிற விதத்தை. ஒப்புதலை முந்தின நாளே வாங்கணும். அது இல்லாத பேர் தியேட்டர் லிஸ்ட்ல ஏறவே கூடாது. பேர், நோய், படுக்கை எண் மூணையும் வராந்தாவுல போறவங்க படிக்கிற மாதிரி போர்டுல எழுதக் கூடாது. கட்டிலைச் சுத்தி வைக்கிற ஸ்கிரீன் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. அதனால ரிசல்ட் சொல்ல ஒரு தனி அறை வேணும். இதுல எதுக்கும் சான்றிதழ் தேவையில்ல.

இன்னொண்ணு. வகுப்புக்கு வர்றது நர்ஸும் டாக்டரும். ஆயாம்மா, வார்டு பாய், செக்யூரிட்டி, பில் கவுன்ட்டர்ல இருக்கிறவங்களை யாரும் கூப்பிடுறதில்ல. வரிசையில பத்துப் பேர் நிக்கும்போது "என்ன நோய்க்கு வந்தீங்க?"ன்னு கண்ணாடிக்குப் பின்னாடியிலேர்ந்து சத்தமா கேக்கிறது யாரு?

பயிற்சிமேசை:
கவுன்ட்டர் விஷயத்தில் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்பாட்டை மாற்றினால் போதும் என்பதை ஏற்கமாட்டேன். எச்ஐவி உள்ளவரின் கட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஒட்டுபவர் கெட்டவர் அல்ல, கூட வேலை செய்பவர்களைக் காப்பதாக நினைக்கிறார். ரத்தம் யாருடையதானாலும் அதே கையுறை, ஊசிக்கு மூடி திரும்பப் போடாமல் நேராகப் பெட்டிக்குள் என்பதுதான் பொது முன்னெச்சரிக்கை. பரிசோதனை செய்யாதவரிடமும் கிருமி இருக்கலாம். அப்படியிருக்க ஸ்டிக்கர் யாரையும் காப்பாற்றாது, ரகசியத்தை மட்டும் உடைக்கும். காரணம் புரியாதவரிடம் ஸ்டிக்கரைப் பிடுங்கினால் அடுத்த வாரம் ஃபைலில் நட்சத்திரக் குறி வரும்.

சட்டப்புள்ளி:
சிகிச்சை வேண்டாம் என்பவரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. பயிற்சி மிக மோசமாக இருப்பது அங்கேதான். சம்மதித்தால் தெளிவான நோயாளி, மறுத்தால் புத்தி சரியில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கவேண்டியவை நாலு: சொன்னது புரிகிறதா, அது தனக்கு நேர்வது என்று உணர்கிறாரா, காரணம் சொல்லிச் சீர்தூக்கிப் பார்க்கிறாரா, ஒரு முடிவைத் தெரிவிக்கிறாரா. நாலும் இருந்தால் முடிவு நமக்குப் பிடிக்காவிட்டாலும் அவருடையதே. "சொந்தப் பொறுப்பில் போகிறேன்" என்று எழுதி வாங்கியதோடு கடமை தீராது. மாத்திரை, சுருக்க அறிக்கை, எந்த அறிகுறி வந்தால் திரும்பவேண்டும் என்ற விவரம் எல்லாம் அவருக்கும் உண்டு. ஒரு சிகிச்சையை மறுத்தவர் மற்ற எல்லாவற்றையும் மறுத்தவர் ஆகமாட்டார்.

வார்டுக்காரி:
சரி, கணக்கா பேசலாம். உங்க நாலு மணி நேரத்துல ஒரு மணி நேரம் கிளாஸுக்கு எடுத்துக்கோங்க, தீர்ப்பு, ஸ்டிக்கர் எல்லாம் அதுல வரட்டும். மீதி மூணு மணியை மாசம் 15 நிமிஷமா வார்டுல வைங்க. பன்னிரண்டு மாசத்துக்கு அதே கணக்கு. தேர்வுக்குப் பதிலா மாசம் பத்து நோயாளிகிட்ட, ஆபரேஷன் முடிஞ்சு தெளிஞ்சப்புறம் மூணு கேள்வி: என்ன செஞ்சாங்க? யார் விளக்கினாங்க? வேற வழி இருக்குன்னு சொன்னாங்களா? கேக்கிறவர் அந்த வார்டு ஆளா இருக்கக் கூடாது. இல்லன்னா பத்துக்குப் பத்துதான் வரும்.

பயிற்சிமேசை:
கணக்கு சரி. ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு சீனியர் சர்ஜன் வருவாரா? வகுப்புக்காவது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

இரவுப்பணி:
வர வேண்டாம். மாலை 5 மணிக்கு லிஸ்ட் மூடும், விளக்கியவர் பேரும் ஒப்புதலும் இல்லாத கேஸ் ஏறாது, அவசரக் கேஸ் மட்டும் விலக்குன்னு வைங்க. அவரே வார்டுக்கு வருவார்.

சட்டப்புள்ளி:
"அவசரம்" என்ற கட்டத்தில் டிக் போடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். கேஸை எடுக்கும் சர்ஜனாக இருக்கக் கூடாது, காரணமும் நேரமும் ஃபைலில் ஏறவேண்டும். இல்லையென்றால் ஒரே மாதத்தில் காத்திருக்கக்கூடிய குடலிறக்கம் எல்லாம் அவசரக் கேஸ் ஆகிவிடும்.