சயாமீஸ் பூனையின் நிறத்துக்கு 30 மதிப்பெண் நியாயமா?

நீலக்கண்:
கண்காட்சியில் சயாமீஸை மதிப்பிட அமெரிக்காவின் சி.எஃப்.ஏ. (பூனை ஆர்வலர் சங்கம்) வைத்திருக்கும் கணக்கு இது: தலை 20, கண் அமைப்பு 10, உடல் 30, ரோமம் 10, நிறம் 30. நிறத்துக்கான 30-ஐ உடல்நிறம், பாயின்ட் நிறம், கண்நிறம் என்று பத்துப் பத்தாகப் பிரித்திருக்கிறார்கள். (பாயின்ட் என்றால் முகமூடி, காது, கால், வால் என்று கருத்திருக்கும் பகுதிகள். மதிப்பெண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

உடல்நிறத்துக்குத் தரும் 10 வீண் என்கிறேன். மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி இந்தப் பூனையில் மரபிலேயே பழுதுபட்டது. உள்ளுடம்புச் சூட்டில் படுத்துவிடும், குளிர்ந்த ஓரங்களில்தான் எழுந்து வேலை செய்யும். கருப்பைக்குள் உடம்பு முழுக்க ஒரே சூடு என்பதால் குட்டி வெள்ளையாகவே பிறக்கிறது. காது நுனியும் மூக்கும் அப்புறம்தான் கருக்கின்றன. முடியைச் சிரைத்துவிட்டுப் பூனையைக் குளிரில் வைத்தால் அந்த இடத்தில் கருப்பாக முளைக்கும் என்று 1930-லேயே ரஷ்யாவில் சோதித்துக் காட்டிவிட்டார்கள். ஆக, நடுவர் மார்க் போடுவது பூனைக்கா, அது வளர்ந்த ஊரின் பனிக்கா?

இதே அட்டவணையில் மோவாய்க்கு எவ்வளவு தெரியுமா? 3.

ஆப்புமுகம்:
மோவாய்க்கு 3 என்பதை மட்டும் எடுத்து வைத்தால் எப்படி? கீழ்த்தாடை முன்தள்ளியோ உள்வாங்கியோ பல்வரிசை சேராமல் போனால் அந்தப் பூனைக்குப் பரிசே கிடையாது, நேராகத் தகுதி நீக்கம். தகுதி நீக்கப் பட்டியல் ஆளை வடிகட்டிய பிறகுதான் மதிப்பெண் பேச்சே வருகிறது. வாலில் தெரியும்படியான முடிச்சு, நீலமல்லாத கண், வெள்ளைக் கால்விரல், விரல் எண்ணிக்கை தவறு, மூக்கடைத்து வாயால் மூச்சு விடுவது, பின்னங்கால் பலவீனம் எல்லாம் அந்த வடிகட்டியிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று. மேசையருகே எந்த நடுவரும் காகிதத்தில் 7, 8 என்று கூட்டிக்கொண்டிருப்பதில்லை. எதற்கு எவ்வளவு கனம் என்று சொல்வதுதான் அந்த எண்களின் வேலை. நிறத்தின் கனத்தைக் குறைத்தால் என்ன மிஞ்சும்? இதே உடம்பு, இதே தலை, வேறு நிறம் என்றால் அதற்கு ஓரியன்டல் ஷார்ட்ஹேர் என்று தனி இனமே இருக்கிறது. சயாமீஸைச் சயாமீஸ் ஆக்குவதே நிறம்தான்.

நீலக்கண்:
ஓரியன்டல் உதாரணம் எனக்குத்தான் சாதகம். பாயின்ட் இருந்தால் சயாமீஸ், இல்லாவிட்டால் ஓரியன்டல் என்றால் நிறத்தையும் அந்த வடிகட்டியில் சேர்த்துவிடுங்கள். உள்ளே வந்தபின் எதற்கு மறுபடியும் 30? வெப்பம் மட்டுமா, வயதும் சேர்ந்துகொள்கிறது. நான்கு வயது சீல்பாயின்டின் (பாயின்ட் அடர்பழுப்பாக இருக்கும் வகை) முதுகு, ஒரு வயதுப் பூனையின் முதுகைப்போல் வெளிறியிருக்காது.

ஆப்புமுகம்:
வயதுக்கு ஸ்டாண்டர்டே, அதாவது இனத்துக்கு எழுதிவைத்த விதிகளே, இடம் கொடுக்கிறது. மூத்த பூனைகள் கருக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம், ஆனால் உடலுக்கும் பாயின்டுக்கும் வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. பார்க்க வேண்டியது முதுகு எவ்வளவு வெளுப்பு என்பதை அல்ல, முகமூடிக்கும் முதுகுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை. விலாவில் திட்டுத்திட்டாகக் கருத்தால்தான் குறை.

பாதமெத்தை:
இருவருமே சீல், சாக்லேட், நீலம், லைலாக் என்ற நான்கு பாயின்ட் நிறத்தையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறீர்கள். கோளாறு அங்கேதான். பாயின்ட் எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதல்லவா? சீலுக்கு அது சுலபம். சாக்லேட்டுக்கும் லைலாக்குக்கும் நிறம் மெதுவாகத்தான் ஏறும். முகம் நிறைந்திருக்கும்போதே கால்கள் வெளிறிக் கிடக்கும். மறுபக்கம், அவற்றின் உடம்பு வெள்ளையாகவே தங்கிவிடும். நீலத்துக்கோ உடம்பு சீக்கிரம் மங்கிவிடும். ஒரே சட்டம், நான்கு விதமான அடி. சி.எஃப்.ஏ. நீலத்தை ஏற்றது 1934-ல், சாக்லேட்டை 1952-ல், லைலாக்கை 1955-ல். சீலை மனதில் வைத்து எழுதிய வாக்கியத்தைப் பின்னால் வந்தவற்றுக்கும் அப்படியே போர்த்திவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

நிறத்தில் சந்தேகம் வந்தால் முடியைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். காலைத் தூக்கிப் பாதத்தின் அடிமெத்தையைப் பாருங்கள், பிறகு மூக்குத்தோலை. சீலுக்கு இரண்டும் பாயின்டைப் போலவே அடர்பழுப்பு. சாக்லேட்டுக்கு லவங்கப்பட்டை சாயலில் இளஞ்சிவப்பு. நீலத்துக்கு சிலேட்டு நிறம். லைலாக்குக்கு ஊதா கலந்த இளஞ்சிவப்பு. நீலமா லைலாக்கா என்று குழம்பும் பூனையை மெத்தை காட்டிக்கொடுத்துவிடும். முடியிலும் ஒரு தடயம் உண்டு: லைலாக்கின் சாம்பலில் இளஞ்சிவப்புச் சாயல் ஓடும், நீலத்தின் சாம்பல் குளிர்ந்து கிடக்கும். ஆனால் பச்சையடிக்கும் டியூப்லைட்டின் கீழ் அந்தச் சாயல் செத்துவிடும். சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

கண்நிறமும் அப்படித்தான். கண்பாப்பா விரிந்திருக்கும்போது எந்த நீலமும் ஆழமாகத்தான் தெரியும். வெளிச்சத்தில் அது சுருங்கியபின் மிஞ்சுவதே உண்மையான நீலம்.

வால்நுனி:
நிறச்சண்டை ஓயாது. 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் காட்டிய சயாமீஸ்களைப் பழைய படங்களில் பாருங்கள், நிறம் இதேதான், தலைதான் வேறு. உருண்டு, பரந்து இருக்கும். தாய்லாந்தில் இதன் பெயர் விச்சியன்மாட். அதிலுள்ள ‘விச்சியன்’ நம் ‘வச்சிரம்’ என்ற சொல்லின் உறவுதான். அங்கே இன்றும் அந்தப் பழைய தலைதான் மதிப்பு. அந்த வடிவத்தை ‘தாய்’ என்று தனி இனமாக டி.ஐ.சி.ஏ. (பன்னாட்டுப் பூனைச் சங்கம்) ஏற்றிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்குள் இனத்தைப் புரட்டிப் போட்டது உடல்நிறத்தின் 10 அல்ல, தலைக்கான விதியிலுள்ள ‘நீளம்’, ‘தட்டை’ என்ற இரண்டே சொற்கள். நீளம் என்று எழுதியவர்கள் எதுவரை என்று எழுதவில்லை.

ஆப்புமுகம்:
எல்லை இல்லை என்பது தவறு. இரு கண்ணுக்கும் நடுவே குறைந்தது ஒரு கண்ணின் அகலம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதே. தலையைக் குறுக்கிக்கொண்டே போனால் அங்கே இடித்துவிடும்.

முறையாகப் பார்ப்பவர் முதலில் மீசையைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிப்பார். மீசை மேடு புடைத்திருந்தால் ஆப்பு வடிவத் தலையின் கோடு அங்கே முறிந்ததுபோலப் பொய்யாகத் தெரியும். எலும்பைப் பார்க்க அதை ஒதுக்கியே ஆக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து இரு காது நுனிவரை கோடு நேராக ஓட வேண்டும். பிறகு பக்கவாட்டுத் தோற்றம்: உச்சியிலிருந்து மூக்கு நுனிவரை ஒரே கோடு, கண்ணுக்கு மேல் புடைப்போ மூக்கில் பள்ளமோ கூடாது. மூக்கு நுனியும் மோவாய் நுனியும் ஒரே செங்குத்தில் நிற்க வேண்டும். இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் கடுவன் பூனைக்குக் கன்னத்தசை கூடுதலாக இருக்கும், அதை மன்னிக்கலாம். அடுத்து, மார்பின் கீழ் ஒரு கையும் இடுப்பின் கீழ் ஒரு கையுமாகத் தூக்கி நீட்டிப் பார்ப்பது. இடுப்பு தோளைவிட அகன்றிருந்தால் குழாய் உடம்பு போச்சு.

வால்நுனி:
வாலைப் பற்றியும் சொல்லுங்களேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அடியிலிருந்து நுனிவரை உருவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத முடிச்சு கடைசி எலும்புகளில் தட்டுப்படும். ‘தெரியும்படியான’ முடிச்சுக்கு மட்டும்தான் தகுதி நீக்கம். விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை என்று விட்டுவிடலாமா?

பாதமெத்தை:
விதிப்படி விடலாம். அந்தப் பூனையை இணைசேர்க்கும்போது விடக்கூடாது. மேடையும் தொட்டிலும் வேறு வேறு கணக்கு.

நீலக்கண்:
ஆப்புமுகம், வேறுபாடுதான் அளவுகோல் என்ற உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் வேறுபாட்டைப் பார்க்க ஒரு 10 போதும். உடலுக்குத் தனியாக, பாயின்டுக்குத் தனியாக ஏன் இரண்டு தடவை? பிரீமியர்ஷிப் பிரிவில் வரும் பூனைகளையே எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் கருத்தடை ஆனவை. சிரைத்த இடத்தில் கருந்திட்டு முளைத்தால் அதற்கும் குறைப்பீர்களா? பிரிட்டனில் பெண் பூனையின் கருத்தடைக்கு விலாவில் வெட்டுவதுதான் வழக்கம். சயாமீஸ் என்றால் இதற்காகவே அடிவயிற்றில் வெட்டச் சொல்கிறார்கள்.

ஆப்புமுகம்:
விலாவில் திட்டு இருந்தால் குறைப்பேன். மேடையில் நிற்பதைத்தானே பார்க்க முடியும். அடுத்த முறை முடி உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது பெரும்பாலும் வெளுத்துவிடும். அதுவரை கண்காட்சிக்குக் கொண்டுவராமல் இருப்பது உரிமையாளர் பொறுப்பு. இரண்டு பத்தையும் ஒன்றாக்கலாம் என்றால் மிஞ்சும் 10-ஐ எங்கே வைப்பீர்கள்?

நீலக்கண்:
மோவாய்க்கு 4, மூக்கு முதல் உச்சி வரையுள்ள கோட்டுக்கு ஒன்றும் வேண்டாம், மீதி 6 தசைக்கட்டுக்கு.

வால்நுனி:
தசைக்கட்டுக்கு ஏற்கெனவே 10 இருக்கிறது. அந்த 6-ஐ ஒரு கண் அகல விதிக்குக் கொடுங்கள். அதை மட்டும் யாரும் அளந்து பார்ப்பதே இல்லை.