“இந்த வயதில் எதற்கு?”, “இந்த வயதில் என்ன தெரியும்?”: உங்களுக்கு நேர்ந்தவை

மூத்தவர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும், இளையவர்கள் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இருந்தாலும், அந்த எதிர்பார்ப்பைச் சற்றே மீறினால் போதும், எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடுகிறது. உங்கள் வாழ்வில் அப்படி நேர்ந்தவற்றை இங்கே எழுதுங்கள். முதலில் நான் தொடங்குகிறேன்.

எழுபது வயதைக் கடந்த என் தாயாரைக் கண்புரை அறுவைச் சிகிச்சை குறித்துக் கலந்து பேச ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். “அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?” என்று அவர் என்னைப் பார்த்தே கேட்டார். “தவறாமல் சாப்பிடுகிறேன், டாக்டர்” என்று அம்மா சொன்ன பதிலைக்கூட, நான் தலையசைத்த பிறகுதான் எழுதிக்கொண்டார். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “தூரப் பார்வைக்கானதையே வைத்துவிடலாம், இந்த வயதில் அது போதும்” என்றார். சாதாரண லென்ஸ் ஒரே தொலைவுக்குத்தான் தெளிவு தரும்; தூரத்துக்கு வைத்தால் படிப்பதற்குக் கண்ணாடி வேண்டும், அருகுக்கு வைத்தால் வெளியே நடமாடுவதற்குக் கண்ணாடி வேண்டும். எது தேவை என்பது அந்தக் கண்ணைக் கொண்டு அந்த மனிதர் நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. என் தாயாரோ மணிக்கணக்கில் படிப்பவர். “அம்மாவிடமே கேட்டுவிடுங்கள், டாக்டர்” என்று சொல்லிவிட்டு என் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அம்மா தமக்கு இருந்த ஐயங்களைக் கேட்டுத் தெளிந்துகொண்டு, அருகுப் பார்வைக்கான லென்ஸே வேண்டும் என்று முடிவு செய்தார்.

அந்த மருத்துவரைக் கடுமையானவர் என்று சொல்ல மாட்டேன். அம்மா கிளம்பும்போது அவரே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். மரியாதை காட்டுகிற அதே மனிதர் அம்மாவை ஓர் ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இருந்தார் என்பதுதான் என்னை வருத்தியது. வயதின் பேரால் நிகழும் இத்தகைய பாகுபாட்டுக்கு 1969-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் ‘ஏஜிசம்’ என்று பெயரிட்டார். அமெரிக்க உளவியலாளர் பெக்கா லெவியும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தம் முதுமையை நல்ல விதமாக நோக்கியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தது தெரியவந்தது. அந்த நோக்கு ஒருவர் மனத்தில் தானாக முளைத்துவிடுவதில்லை. ‘இந்த வயதில் அது போதும்’ என்பதைப் பல வாய்களிலிருந்து பல காலம் கேட்டுக் கேட்டுத்தான் மனம் சுருங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

* * *

மேலே எழுதியவருக்கு வணக்கம். நான் முதியோர் பிரிவில் பணிபுரியும் செவிலியர். எங்கள் பிரிவில் நோயாளியின் பக்கத்தில் எத்தனை பேர் நின்றாலும், “உங்கள் உடல்நிலை பற்றி யாரிடம் பேசலாம்?” என்று முதலில் நோயாளியிடமே கேட்டுவிடுகிறோம். பலர் “என் மகனிடம் சொல்லிவிடுங்கள்” என்றே பதில் தருகிறார்கள். அதுவும் அவர்கள் எடுத்த முடிவுதானே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதியவர்களிடம் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் குரலைக் கீச்சென்று உயர்த்தி, இழுத்து இழுத்துப் பேசுவதைப் பலர் அன்பு என்று நினைக்கிறார்கள். முதுமையில் கேட்கும் திறன் குறையும்போது கீச்சென்ற ஒலிகளே முதலில் மங்குகின்றன. ஆகவே அந்தக் கொஞ்சு குரல் அவர்களுக்கு இன்னும் குறைவாகவே விளங்குகிறது. மறதி நோயுள்ளவர்களிடம் அப்படிப் பேசினால் அவர்கள் குளிக்கவும் உடை மாற்றவும் கூடுதலாக மறுக்கிறார்கள் என்பது ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. எதிரில் அமர்ந்து, முகம் தெரியும்படி, இயல்பான குரலில் நிதானமாகப் பேசினாலே போதும்.

* * *

எனக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். நான் கட்டுமானப் பொறியாளர். முப்பதை நெருங்கும் பெண். ஒரு பழைய கட்டடத்தின் சுவர் விரிசல்களை ஆய்வு செய்யச் சென்றபோது, அங்கிருந்தவர்கள் என்னை வரவேற்றுவிட்டு, “பெரியவர் யாரும் வரவில்லையாம்மா?” என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கிய ஒரு விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினேன்; அதன் அகலத்தை அளவியால் அளந்து குறித்துக்கொண்டு, அது இன்னும் வளர்கிறதா, எப்போதோ நின்றுவிட்டதா என்பதைச் சில மாதங்கள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் பொறுமையாக முடிக்கவிட்டு, “சரி, உங்கள் மேலதிகாரி எப்போது வருவார்?” என்றார். அவர் கேட்ட கேள்விக்கு என் படிப்போ கையிலிருந்த அளவுகளோ விடையாக முடியவில்லை. என் முகத்தைப் பார்த்த கணத்திலேயே அவர் தீர்மானித்துவிட்டிருந்தார்.

அதே வாரத்தில் ஓர் உறவினர், “வயது ஏறிக்கொண்டே போகிறதே, இன்னும் திருமணம் வேண்டாம் என்றால் எப்படி?” என்று கேட்டார். விரிசலைப் பற்றிச் சொல்ல வயது போதாது. திருமணத்துக்கோ வயது மீறிவிட்டது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் ஒரே ஆள் எப்படித் தாங்குவது?

பெர்னிஸ் நியூகார்ட்டன் என்னும் அமெரிக்க அறிஞர் ‘சமூகக் கடிகாரம்’ என்று அழைத்தது, எதை எந்த வயதில் செய்ய வேண்டும் என்று சமூகம் வைத்திருக்கும் இந்தக் கணக்கைத்தான். அவரும் சக ஆய்வாளர்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பான்மையோர் ஆணுக்குத் திருமண வயது 20 முதல் 25 வரை என்று ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அதே போன்ற கேள்விகளை மீண்டும் கேட்டபோது அந்த ஒருமித்த கருத்து வெகுவாகத் தளர்ந்திருந்தது. இயற்கை விதித்த கெடுவாக இருந்திருந்தால் இருபது ஆண்டுகளில் இப்படி நகர்ந்திருக்குமா? இளையவர்கள் மட்டும் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: உலக நலவாழ்வு அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஐரோப்பாவில் வயது காரணமாகப் பாகுபாட்டைச் சந்தித்ததாக மற்ற வயதினரைவிட இளையவர்களே கூடுதலாகச் சொல்கிறார்கள்.

* * *

நான் பணி ஓய்வுக்குப் பிறகு நீச்சல் கற்கச் சேர்ந்தவன். விழுந்துவிடுவேனோ என்று பிள்ளைகள் கவலைப்பட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் வயதை ஒத்த நண்பர்கள் கேட்டதுதான் வேறு விதம்: “பேரன் வயதுப் பையனிடம் போய்க் கைகட்டி நிற்பதா?” மூத்தவர் என்றால் சொல்லிக்கொடுக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதை நம்மைப் போன்றவர்களே கட்டிக் காக்கிறோம் என்று அப்போது தோன்றியது. உடற்பயிற்சிக்கான உலக நலவாழ்வு அமைப்பின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையில், 65 வயதைக் கடந்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் ஒரே அளவுதான்: மிதமான உழைப்பு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள். மூத்தவர்களுக்கு அதில் கூடுதலாகச் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது, குறைத்துச் சொல்லப்படவில்லை.

பயிற்சியாளர் இருபதுகளில் இருக்கும் இளைஞர். மற்றவர்களின் தவறுகளை உடனே சுட்டிக்காட்டுகிறவர், என்னிடம் மட்டும் “நன்றாகச் செய்கிறீர்கள், ஐயா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நான் மூச்சை நீருக்குள் விடாமல் அடக்கி வைத்திருந்து, தலையைத் தூக்கியபின் விட்டுக்கொண்டே இழுக்கவும் முயன்று திணறுவது அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒருநாள் அவரைத் தனியே அழைத்து, “தம்பி, எது சரியாக வரவில்லையோ அதை மற்றவர்களிடம் சொல்வதுபோல் என்னிடமும் சொல்லுங்கள்; நான் வருந்த மாட்டேன்” என்று கேட்டுக்கொண்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, “முகம் நீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாக மூச்சை விட்டுவிடுங்கள், ஐயா. மேலே வரும்போது இழுப்பது மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும்” என்றார். அடுத்த முறை குளத்தின் ஓரத்தைப் பிடித்தபடி அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். இடையில் நான் நிறுத்தியபோது, “இன்னும் முடியவில்லை” என்று அதட்டவும் செய்தார்.