நூலக ஊழியர் பயிற்சி: வேலை நேரத்திலா, வீட்டிலா?

ஜாலஹள்ளி ராமு:
பெங்களூர் பொது நூலகங்களில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் உருகியிருந்தார். எதற்கு? வெப்ஜங்ஷன் தளத்தில் நூலகப் பாடங்கள் இலவசம். மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்திலும் படிக்கலாம். ஆர்வம் இருப்பவர்கள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டும். சொத்து வரியோடு நூற்றுக்கு 6 ரூபாய் நூலக வரி கட்டுகிறோம், அது புத்தகம் வாங்கத்தான்.

அல்சூர் அகிலா:
"ராத்திரி வீட்டில்" என்பதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் கம்பெனியில் பயிற்சி என்றால் வேலை நேரத்தில், டீ பிஸ்கட்டோடு நடக்கும். நூலக உதவியாளர் மட்டும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா, ஊழியர் மேம்பாட்டுக்கு வேலை நேரத்தில் சுமார் 10 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. வாரம் 40 மணி நேரம் வேலை என்றால் 4 மணி நேரம். அப்புறம் அந்த வெப்ஜங்ஷன்! பெரும்பாலும் அமெரிக்க நூலகங்களுக்காக ஆங்கிலத்தில் செய்த பாடங்கள். கன்னட மீடியத்தில் படித்து வந்தவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

ஜாலஹள்ளி ராமு:
4 மணி நேரமா! வாரத்தில் அரை நாள் நூலகத்தைப் பூட்டச் சொல்கிறீர்கள். பேஷ்.

அல்சூர் அகிலா:
பூட்டச் சொன்னேனா? எந்த வரியில்? முறை வைத்து ஒவ்வொருவராகப் போகலாம்.

கே.ஆர்.புரம் தம்பி:
அக்கா, எங்கள் பக்கத்துக் கிளையில் மொத்தமே இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் இன்னொருவர் மதியம் சாப்பிட எழுந்திருக்க முடியாது. முதலில் ஆள் போடச் சொல்லுங்கள். 4 மணி நேரக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

அல்சூர் அகிலா:
ஆள் போடும் வரை கற்றுக்கொள்ளாமல் இருக்க வேண்டுமா தம்பி? நான் போகும் கிளையில் நடப்பதைச் சொல்கிறேன். தமிழ்ப் புத்தகங்களின் தலைப்பைக் கணினியில் ஆங்கில எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். 'வாழ்க்கை' என்பதை ஒருவர் ழகரத்துக்கு இரண்டெழுத்துப் போட்டுத் தட்டியிருக்கிறார், இன்னொருவர் ஒற்றை எழுத்தோடு விட்டுவிட்டார். தேடினால் பாதிப் புத்தகம் வராது, அலமாரியில் கண்ணெதிரே இருக்கும். நூலகப் பட்டியலுக்கான கோஹா மென்பொருள் இலவசம், அதில் தமிழிலேயே தட்டலாம். புத்தக விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் 21 என்ற முறையில், மூல மொழியின் எழுத்தில் தலைப்பைக் கொடுக்கவே 880 என்று ஒரு புலம் இருக்கிறது. அந்தக் கிளை உதவியாளரிடம் கேட்டேன், யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு மதியத்தில் முடிகிற விஷயம்.

ஜாலஹள்ளி ராமு:
இரண்டு மதியம் போதும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு எதற்கு வாரா வாரம் 4 மணி நேரம்?

அல்சூர் அகிலா:
880 ஒன்றுதான் வேலையா? குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் நடத்துவது, பார்வையற்றவருக்குத் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் போட்டுக் கொடுப்பது, நைந்த புத்தகத்தைத் தைப்பது... எல்லாம் ராத்திரி வீட்டிலா?

சிவாஜிநகர் பெரியவர்:
நூலகவியல் மேதை, நம் சீர்காழி ரங்கநாதன் யாரிடம் 4 மணி நேரம் கேட்டார்? கணக்கு வாத்தியாராக இருந்தவர், தானே யோசித்து 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்பும் அவர் மூளைதான்.

அல்சூர் அகிலா:
ஐயா, பாதிக் கதையோடு நிறுத்தாதீர்கள். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவரை அந்தப் பல்கலைக்கழகமே லண்டனுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர் 1929-ல் சென்னையில் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். 1962-ல் இதே பெங்களூரில் டி.ஆர்.டி.சி. என்ற ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். பயிற்சி வேண்டாம் என்பதற்கு அவரையா சாட்சிக்குக் கூப்பிடுவது?

சிவாஜிநகர் பெரியவர்:
வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நூலகச் சட்டத்தை 1948-லேயே கொண்டுவந்தது மெட்ராஸ். இங்கே 1965. அதுதான் வித்தியாசம்.

ஜெயநகர் கன்னடத் தமிழன்:
ஆரம்பித்துவிட்டார். இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எத்தனை நாளைக்கு மெட்ராஸ் பெருமை பேசுவீர்கள்? கர்நாடக நூலகத்தில் தமிழ் அலமாரி வைத்திருப்பதே பெரிய மனசு.

அல்சூர் அகிலா:
பெரிய மனசா? வரி நானும்தான் கட்டுகிறேன். பேச்சை மாற்றாதீர்கள்.

ஜாலஹள்ளி ராமு:
பேச்சை மாற்றுவது யார்? போன மாதம் பழைய பத்திரிகைகளை நூலகத்துக்குக் கொடுப்பது பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், கடைசிச் சொல் இவருடையதாகவே இருக்க வேண்டும். 4 மணி நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அல்சூர் அகிலா:
கரையான் அரித்த கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த நூலகமும் வாங்காது, அன்றும் சொன்னேன். காசு அந்த 6 சதவீத வரியில்தான் இருக்கிறது. புத்தகம் வாங்க மட்டும்தான் அந்த வரி என்று எந்தச் சட்டப் பிரிவில் இருக்கிறது? பிரிவு எண்ணைப் போடுங்கள், பேசலாம்.

ஜாலஹள்ளி ராமு:
கரையான் இல்லை, வெறும் தூசி. அந்தக் கட்டுகள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன, வந்து பாருங்கள்.

கே.ஆர்.புரம் தம்பி:
இரண்டு பேர் கிளைக்கு யாராவது வழி சொல்லுங்களேன்.

அல்சூர் அகிலா:
பிரிவு எண் எங்கே ராமு சார்?