முன் ரூம் மெஷின்: அஞ்சு பேருக்கு ஒரே பெட்டி

முகிலன்: மாமா, கயல் அக்கா, டீம் 5 பேரும் முன் ரூம்லயே உக்காரப் போறோம். ஆளுக்கொரு டெஸ்க்டாப் வேண்டாம்னு முடிவு. பில்டு (கோடை ஓடுற புரோகிராமா மாத்தற வேலை), டேட்டாபேஸ் எல்லாம் நடுவுல ஒரே மெஷின்ல, லேப்டாப்ல இருந்து எஸ்எஸ்ஹெச் வழியா அதுக்குள்ள நுழைஞ்சு வேலை. சுவத்துக்கு அந்தப் பக்கம் பாட்டி கட்டில், ராத்திரியும் ஓடணும். பழைய ரேக் சர்வர் ஒண்ணு சல்லிசா வருது, எடுக்கலாமா?

ராசு மாமா: எடுக்காதடா. தட்டையான 1யூ ரேக் சர்வர்ல இருக்கிறது 40 மி.மீ. ஃபேன். அந்தச் சின்ன ஃபேன்ல காத்து வரணும்னா நிமிஷத்துக்கு 10,000 சுத்துக்கு மேல சுத்தணும். அந்த வீச்சுன்னு கத்துற சத்தத்தை எந்தக் கதவும் தடுக்காது.

ராசு மாமா: கணக்கைப் புரிஞ்சுக்கோ. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும். அதே மாதிரி ஃபேன் மூணு வெச்சா 5 டெசிபெல்தான் கூடும். அதனால 1200ல ஓடுற ஒரு ஃபேனுக்குப் பதிலா 600ல ஓடுற மூணு. காத்து ஒன்றரை மடங்கு, சத்தம் 10 டெசிபெல் கம்மி.

முகிலன்: அப்போ சிபியு?

ராசு மாமா: ரைசன் 9 7900. 12 கோர், 24 த்ரெட், முழு லோடுலயும் சிபியுவுக்கு 88 வாட்தான் போகும். டிஸ்ப்ளே உள்ளேயே இருக்கு, கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், அதோட ஃபேனும் மிச்சம். 120 மி.மீ. டவர் கூலர் தாராளம். உயரம் 155-160 மி.மீ. வரும், கேஸ்ல இடம் இருக்கான்னு அளந்துட்டு வாங்கு.

ராசு மாமா: ரேம் 48 ஜிபி குச்சி ரெண்டு போதும். நாலு ஸ்லாட்டையும் நிரப்பினா இந்த சிபியுவுக்கு அதிகாரப்பூர்வ வேகம் 5200ல இருந்து 3600க்கு இறங்கிடும்.

ராசு மாமா: இன்னொண்ணு. இந்த சிபியு சூடு ஒரு செகண்டுல 20 டிகிரி ஏறி இறங்கும். ஃபேன் அதைத் துரத்திக்கிட்டு ஏறி ஏறி இறங்கும். தூக்கத்தைக் கெடுக்கிறது அந்த ஏத்த இறக்கம்தான், ஒரே சீரான சத்தம் இல்ல. பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங்ஸ்) 70 டிகிரி வரைக்கும் ஃபேனுக்கு ஒரே வேகம்னு கோடு போட்டுடு, ஃபேன் வேகம் ஏற எடுத்துக்கிற ஸ்டெப் அப் நேரத்தையும் கூட்டிடு.

கயல் அக்கா: மாமா சொன்னது பெட்டிக்கு. பெட்டியைப் பங்கு போடறதுலதான் சண்டை வரும் முகி. டெபியன் லினக்ஸ் போடு, 5 பேருக்கும் தனித்தனி யூசர். புரோகிராமைக் கன்டெய்னர்னு தனித்தனியா அடைச்சு ஓட்டற டாக்கர் போடாதே, அதே வேலை செய்யற பாட்மேனை ரூட்லெஸ்ஸா (அட்மின் அதிகாரம் இல்லாம) போடு.

முகிலன்: டாக்கர்தான் எல்லாருக்கும் பழக்கம் அக்கா.

கயல் அக்கா: கமாண்ட் பெரும்பாலும் அதேதான், பழகிடும். ரெண்டு காரணம். டாக்கர் குரூப்ல சேர்த்த ஆளு ரூட்டுக்கு, அதாவது முழு அதிகாரம் உள்ள யூசருக்குச் சமம், அடுத்தவங்க ஃபைல் எல்லாம் திறந்து கிடக்கும். ரெண்டாவது பலருக்குத் தெரியாது: யூசருக்கு நீ போடற மெமரி வரம்பு டாக்கர் கன்டெய்னரைத் தொடவே தொடாது. அதை ஓட்டறது சிஸ்டம் சர்வீஸ், யூசர் கணக்குல வராது. ரூட்லெஸ் பாட்மேன் யூசருக்குள்ளேயே ஓடும், வரம்பு பிடிக்கும். ஆனா ஒவ்வொருத்தருக்கும் லிங்கர்ங்கிற செட்டிங்கை ஆன் பண்ணு, இல்லாட்டி லாக் அவுட் ஆனதும் கன்டெய்னரும் நின்னுடும்.

கயல் அக்கா: லினக்ஸ்ல சர்வீஸை நிர்வகிக்கிற சிஸ்டம்டியில, ஆளுக்கான பங்கான யூசர் ஸ்லைஸ்ல மெமரி ஹை 14 ஜிபி, மெமரி மேக்ஸ் 16 ஜிபி. 14ல மெதுவாகும், 16ல அவங்க ப்ராசஸ் மட்டும் சாகும், மத்தவங்க வேலை தப்பிக்கும். சிபியுவுக்கு கோட்டா (உச்ச வரம்பு) போடாதே, வெயிட் (பங்கு விகிதம்) எல்லாருக்கும் சமமா வை. ஒருத்தர் மட்டும் பில்டு போட்டா 24 த்ரெட்டும் அவருக்கே, நாலு பேர் போட்டா தானா பிரிஞ்சுக்கும்.

முகிலன்: மெஷின்ல 24ன்னு தெரிஞ்சா எல்லாரும் பில்டுல ஜே 24, அதாவது ஒரே நேரத்துல 24 ஜாப்னுதான் போடுவாங்க.

கயல் அக்கா: அங்கதான் இடிக்கும். சி++ ஜாப் ஒண்ணு 1 முதல் 2 ஜிபி வரை தின்னும். 24 ஜாப்னா 14 ஜிபி பத்தவே பத்தாது. ஜே 6னு எல்லாருக்கும் பொதுவா வெச்சுடு, பழைய பில்டு ரிசல்ட்டைச் சேமிச்சு வைக்கிற சிசேஷ் ஆளுக்கு 10 ஜிபி.

கயல் அக்கா: போர்ட்டும் (நெட்வொர்க்ல ஒரு புரோகிராமை அடையற நம்பர்) பிரிச்சுக் கொடு. எல்லாரும் 3000ல ஓட்டினா முதல்ல வந்தவருக்குத்தான் கிடைக்கும். முதல் ஆளுக்கு 3100-3199, அடுத்தவருக்கு 3200-3299. டேட்டாபேஸ் சர்வர் போஸ்ட்கிரெஸ் ஒண்ணு போதும், ஆளுக்கொரு டேட்டாபேஸ். கனெக்‌ஷன் மொத்தமே 100தான் டீஃபால்ட், ஆளுக்கு எத்தனை திறந்து வைக்கலாம்ங்கிற பூல் சைஸை 10க்குள்ள வைக்கச் சொல்லு.

சித்தப்பா: கரண்டு போனா என்ன பண்ணுவே? ஹால் இன்வெர்ட்டரை நம்பாதே. அது ஸ்கொயர் வேவ், கரண்டைச் சதுர அலையா தரும். இப்ப வர்ற ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீரா இழுக்கிற சர்க்யூட்) உள்ள கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்கு ஒத்துக்காது, சில சமயம் மாறுற நொடியிலேயே ரீஸ்டார்ட் ஆகும். கம்ப்யூட்டர் சப்ளை கரண்டு இல்லாம தாங்குறது 16 மில்லி செகண்டு வாக்குல. இன்வெர்ட்டர் மாற அதைவிட நேரம் எடுத்தா போச்சு.

சித்தப்பா: மெஷினுக்கும் நெட்வொர்க் சுவிட்ச்சுக்கும் தனியா 1000 விஏ லைன் இன்டராக்டிவ் (வோல்டேஜ் ஏத்த இறக்கத்தையும் சரி பண்ற) யுபிஎஸ். யுஎஸ்பி ஒயரைக் கட்டாயம் சொருகு.

கயல் அக்கா: ஆமா, மெஷின்ல நட்னு யுபிஎஸ்ஸைக் கவனிக்கிற சாஃப்ட்வேர் போட்டுடு. பேட்டரி குறைஞ்சா தானா ஷட்டவுன் ஆகும். ஒரு தடவை வயரைப் பிடுங்கி நிஜமாவே அணையுதான்னு பார்த்துடு.

சித்தப்பா: சராசரி 80 வாட்னு வெச்சாலும் ரெண்டு மாசத்துக்கு 115 யூனிட். பில்லு அடுத்த ஸ்லாபுக்குத் தாண்டும், அதைக் கணக்குல எடுத்துக்கோ.

முகிலன்: பேக்கப்புக்கு ஹார்டு டிஸ்க்கை அதே பெட்டியில போடலாமா?

ராசு மாமா: கூடாது. டிஸ்க் அதிர்வு மேசை, சுவர் வழியா இறங்கி அந்தப் பக்கம் ரீங்காரமா கேட்கும். பெட்டிக்குள்ள எஸ்எஸ்டி ரெண்டு, மிரர் (ரெண்டுலயும் ஒரே டேட்டா). ஹார்டு டிஸ்க் மாடி ரூம்ல வேற சின்ன மெஷின்ல, ரெஸ்டிக்ங்கிற பேக்கப் சாஃப்ட்வேர்ல ராத்திரி ஒரு தடவை. மிரர் பேக்கப் ஆகாது, தப்பா அழிச்சா ரெண்டுலயும் அழியும். சுவிட்ச்சும் ஃபேன் இல்லாத 8 போர்ட் வாங்கு.

அத்தை: அலமாரிக்குள்ள வெச்சு மூடிடலாமே, சத்தம் வெளிய வராதே?

ராசு மாமா: உள்ள சூடு தங்கும், ஃபேன் வேகம் பிடிக்கும், சத்தம்தான் கூடும். திறந்த இடத்துல, பின்னாடி ஒரு சாண் இடைவெளி விட்டு, அடியில கனமான ரப்பர் விரிப்பு. சித்திரை வெயில்ல ரூமே 36 டிகிரி இருக்கும், ஃபில்டரை மாசம் ஒரு தடவை தட்டணும்.

சித்தப்பா: யுபிஎஸ்ஸும் பாட்டி சுவர் ஓரம் வேண்டாம். உள்ள டிரான்ஸ்ஃபார்மர் ம்ம்முன்னு முனகும்.

முகிலன்: சரி சித்தப்பா, ரெண்டையும் வாசப்பக்க மூலைக்கு மாத்திடறேன். ராத்திரி ஃபுல் பில்டு ஓட விட்டு, பாட்டி கட்டில் பக்கம் உக்காந்து கேட்டுட்டு எழுதறேன்.