வெனிஸ் மாளிகையில் லா டிராவியாட்டா: மூன்றே பாடகர்களோடு நடந்தால் அது ஓபராவா?

மாடப்புறா:
போன வாரம் வெனிஸில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் லா டிராவியாட்டா ஓபராவைப் பார்த்தேன். ஊரின் பெரிய ஓபரா அரங்கான ஃபெனிச்சேயில் இல்லை. கிராண்ட் கால்வாய்க் கரையில் இருக்கும் பர்பரிகோ மினோட்டோ மாளிகையில், மூசிகா அ பலாட்சோ என்ற குழு நடத்துவது. ஜிலியோ படகுத்துறையில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மேடை கிடையாது, திரை கிடையாது. மூன்று பாடகர்கள், ஒரு பியானோ, கூடச் சில தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். முதல் அங்கம் நடுக்கூடத்தில், அது முடிந்ததும் நாம் எல்லோரும் எழுந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும், கடைசி அங்கம் படுக்கையறையில்.

கதை தெரியாதவர்களுக்கு: பாரிஸில் செல்வந்தர்களின் ஆசைநாயகியாக வாழும் வயலெட்டா, ஆல்ஃப்ரெடோ என்ற இளைஞனைக் காதலித்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனோடு போகிறாள். அவனுடைய அப்பா ஜெர்மோன் வந்து, உன்னால் என் மகள் கல்யாணம் நின்றுவிடும், அவனை விட்டுவிடு என்கிறார். அவளும் விடுகிறாள். காரணம் தெரியாத ஆல்ஃப்ரெடோ ஒரு விருந்தில் சூதாடி ஜெயித்த பணத்தை எல்லோர் முன்னாலும் அவள் மேல் எறிகிறான். கடைசியில் காசநோயில் சாகிறாள்.

மூன்றாம் அங்கத்தில் ஜெர்மோனின் கடிதத்தை அவள் படிக்கும் இடம் வரும். அதை வெர்டி பாட்டாக எழுதவில்லை, வெறும் பேச்சுக் குரலில் படிக்க வேண்டும், பின்னால் அந்தப் பழைய காதல் மெட்டை வயலின் மெல்ல வாசிக்கும். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு முழம்தான் இருந்திருக்கும். பலமுறை மடித்துப் பிரித்த காகிதம், மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது தெரிந்தது. படித்து முடித்து ‘நேரமாகிவிட்டது’ என்று அவள் சொன்னபோது அறையில் யாரும் அசையவில்லை. பெரிய அரங்கில் இரண்டு முறை இதே ஓபராவைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கடிதத்தை நான் கவனித்ததே இல்லை. இனிமேல் இதைப் பெரிய அரங்கில் பார்க்க எனக்கு மனசு வராது.

கருங்குயில்:
நீங்கள் ரசித்ததைக் குறை சொல்லவில்லை புறா. ஆனால் நீங்கள் பார்த்தது டிராவியாட்டாவில் பாதி. கதை தொடங்கும் முன் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் முன்னிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வயலின்களைப் பல பிரிவாகப் பிரித்து, உச்ச ஸ்தாயியில், காதுக்கு எட்டியும் எட்டாமலும் நீளமான சுரங்களாக எழுதியிருக்கிறார் வெர்டி. சாகப்போகிறவளின் மூச்சு அது. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தியதும் அந்தச் சுரம் தேயத் தொடங்கிவிடும், பிடித்து நிறுத்த வழி இல்லை. ஒரே ஒரு வயலின் சுரத்தைப் பிடித்து நிறுத்தும், சரி, ஆனால் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் மெல்ல வாசிக்கும்போது வரும் அந்தப் பனிமூட்டம் போன்ற ஒலி ஒருவர் கையில் வராது. இரண்டாம் அங்கத்தில் அவள் ‘என்னைக் காதலி ஆல்ஃப்ரெடோ’ என்று வெடித்து அழும் இடத்தில் இசைக்குழு மொத்தமும் அவளுக்கு அடியில் எழும்பும். அவன் கண்ணுக்கு அது சாதாரணப் பிரிவு. அவள் மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதை நமக்குச் சொல்வது வாத்தியங்கள்தான். அதை எடுத்துவிட்டு முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன் என்று சந்தோஷப்படுவது எனக்குப் புரியவில்லை.

மாடப்புறா:
முன்னிசை விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை, அது மெலிந்துதான் ஒலித்தது. ஆனால் ‘என்னைக் காதலி’ இடத்தில் நான் சொல்வதை நம்புங்கள், எதுவும் குறையவில்லை. ஆயிரம் பேர் அரங்கின் கடைசி வரிசைக்கு மைக் இல்லாமல் போய்ச் சேரப் பயிற்சி எடுத்த குரல் அது, ஒரு அறைக்குள் திறந்தால் என்ன ஆகும்? என் நாற்காலி மரம் அதிர்ந்தது. பாடுவதற்கு முன்னால் அவள் மூச்சை இழுத்த சத்தம்கூடக் கேட்டது. நோயாளியின் கதையில் மூச்சுச் சத்தம் கேட்பது சின்ன விஷயமா?

அப்புறம், வெர்டி இதைத் தன் காலத்துக் கதையாக, தன் காலத்து உடையில் போடத்தான் விரும்பினார். சுமார் 1700-ஆம் வருஷத்துக் கதையாக மாற்றச் சொன்னது ஃபெனிச்சே தரப்பு. பக்கத்து வீட்டில் நடக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததற்கு இந்த மாளிகை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

சேர்ந்திசை:
நான் ஜெர்மனியில் ஒரு அமெச்சூர் கோரஸில், அதாவது கூட்டமாகப் பாடும் குழுவில், ஆல்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் பாடுகிறேன், அதனால் எனக்கு இதில் சொந்தக் கோபமே உண்டு. மூன்று பாடகர்கள் என்றால் கோரஸ் எங்கே? இரண்டாம் அங்கத்தில் வயலெட்டாவின் தோழி ஃப்ளோராவின் விருந்தில் ஜிப்சி வேஷம் கட்டிப் பாடும் பெண்கள் எங்கே, மாட்டோடு மோதும் வீரர்களாக வரும் ஆண்கள் எங்கே? இவை அலங்காரத்துக்கு வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், ஒத்திகையில் நிற்கும் வரைக்கும். ஊர் சிரித்துக் குடித்து ஆடிக்கொண்டிருக்கும்போது அதன் நடுவில்தான் அவன் பணத்தை எறிகிறான். எறிந்தவுடன் மொத்தக் கூட்டமும் அவன் மேல் பாய்கிறது, எவ்வளவு கேவலமான காரியம் செய்தாய், வெளியே போ என்று. அடுத்து ஜெர்மோன் வந்து மகனைக் கண்டிக்கிறார், அவனுக்கு வெட்கம் வருகிறது, வயலெட்டா அடங்கிய குரலில் தன் காதலைச் சொல்கிறாள், எல்லாக் குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி அங்கம் முடிகிறது. அவமானம் என்பதே நாலு பேர் முன்னால் நடப்பது. ஆள் இல்லாத அறையில் அது இரண்டு பேர் சண்டை, அவ்வளவுதான்.

மூன்றாம் அங்கத்திலும் அப்படித்தான். அவள் உள்ளே சாகக் கிடக்கிறாள், ஜன்னலுக்கு வெளியே திருவிழாக் கூட்டம் பாடிக்கொண்டு போகும். வெளியே ஊர் இல்லாவிட்டால் அவள் தனிமை எப்படித் தெரியும்?

மாடப்புறா:
அக்கா, ஆள் இல்லாத அறை என்று யார் சொன்னது? நாங்கள் இருந்தோமே. முதல் அங்கத்திலேயே நம்மை அவள் வீட்டு விருந்தாளிகளாகத்தான் நடத்துகிறார்கள். அவன் பணத்தை எறிந்தபோது தாள்கள் எங்கள் காலடியில் வந்து விழுந்தன. அந்தக் கூட்டம் நாங்கள்தான்.

சேர்ந்திசை:
ஆனால் நீங்கள் வாயைத் திறக்கவில்லையே! வெர்டியின் கூட்டம் அவளுக்காகப் பேசுகிறது. உங்கள் கூட்டம் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கிறது. கதையே மாறிவிடுகிறது.

மழைக்காகம்:
நடுவில் வருகிறேன். அந்தக் கோரஸின் கோபத்தை நீங்கள் அப்படியே நம்புகிறீர்களா அக்கா? அந்த விருந்தில் இருப்பவர்கள் யார்? அவளைப் பணம் கொடுத்து வைத்துக்கொண்டிருந்த அதே வட்டம். அவள் படுத்த படுக்கையாகும்போது அவர்களில் ஒருவர்கூட அந்த அறைக்கு வருவதில்லை, பணிப்பெண்ணும் டாக்டரும்தான் கூட இருக்கிறார்கள். அங்கே பார்வையாளர்கள் வாயை மூடி உட்கார்ந்திருப்பது அந்த ஊரின் உண்மையான குணத்துக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் புறாவிடமும் ஒரு கேள்வி. இதே பாணியில் வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், ஒரு குழு நடத்தியதைப் பார்த்தேன். பிரபலமான பாட்டுகளை மட்டும் பொறுக்கி, நடுவில் இருந்ததை வெட்டி, பழங்கால உடை போட்டு வரிசையாகப் பாடினார்கள். ஜெர்மோனும் வயலெட்டாவும் பேசிக்கொள்ளும் அந்த நீளமான காட்சியில் பாதி காணோம். அதுதான் ஓபராவின் இதயம். ஒவ்வொரு படியாக அவளை இறக்கிக்கொண்டு வருகிறார் அந்த மனுஷன், அதில் வெட்டினால் அவள் ஏன் சம்மதித்தாள் என்றே புரியாது. உங்கள் மாளிகையில் அது முழுசாக இருந்ததா?

மாடப்புறா:
எனக்கு ஞாபகம் இருக்கும் வரை முழுசாக இருந்தது, அந்த இரவிலேயே அதுதான் சிறந்த இடம். ஜெர்மோன் எங்கள் வரிசையின் பின்னாலிருந்து நடந்து வந்தார், ஷூ சத்தம் முதலில் கேட்டது. அவள் சம்மதித்து, உங்கள் மகளிடம் சொல்லுங்கள் என்று பாடத் தொடங்கும்போது அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப மெல்லப் பாடினாள். இவ்வளவு மெல்லப் பாட ஒரு பெரிய அரங்கில் பாடகிக்குத் துணிச்சல் வருமா?

கருங்குயில்:
வரும். நல்ல பாடகி ஆயிரம் பேரையும் மூச்சைப் பிடித்துக் கேட்க வைப்பாள், அந்தக் கலைக்குப் பெயர்தான் ஓபரா. நெருக்கம் என்பது அடிக்கணக்கு இல்லை. 1996-இல் எரிந்துபோன ஃபெனிச்சே மறுபடி கட்டப்பட்டு, 2004-இல் முதல் ஓபராவாக இதையேதான் போட்டார்கள், ராபர்ட் கார்சன் என்ற இயக்குநரின் இயக்கத்தில். கிராமத்து வீட்டுக் காட்சியில் இலைகளுக்குப் பதில் பணத்தாள்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். காதலர்கள் ஊரை விட்டுத் தள்ளி வந்தாலும் அந்தப் பணம் அவர்கள் தலையில் கொட்டுவது நிற்கவில்லை. நான் வீடியோவில்தான் பார்த்தேன், இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. உங்கள் அறையில் அதைச் செய்ய இடம் ஏது?

இன்னொன்று. 1853 மார்ச் 6-இல் இதன் முதல் இரவு அதே ஃபெனிச்சேயில் தோற்றது, அடுத்த வருஷம் அதே வெனிஸில் சான் பெனெடெட்டோ அரங்கில் ஜெயித்தது. நடுவில் வெர்டி சில பகுதிகளைத் திருத்தினார், பாடகர்களை மாற்றினார். அதாவது வேலை நடந்தது இசையில். அறையில் இல்லை.

வேப்பங்காற்று:
அடுத்த மாதம் அம்மாவோடு வெனிஸ் போகிறேன். அம்மா ஓபரா பார்த்ததே இல்லை, மொழியும் தெரியாது. ஒரே ஒரு இரவுதான். எதற்குக் கூட்டிப் போகட்டும்?

மழைக்காகம்:
மாளிகைக்கு. போகும் முன் கதையை அங்கம் அங்கமாகச் சொல்லிவிடுங்கள். முகம் தெரிந்தால் மீதி தானாக வரும். அறைக்கு அறை எழுந்து போக வேண்டியிருக்கும், அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருங்குயில்:
ஃபெனிச்சேக்கு. அன்றைக்கு எந்த ஓபரா நடந்தாலும் சரி. முதல்முறை கேட்பவருக்கு முழு இசைக்குழுவைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

சேர்ந்திசை:
புறா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தத் தாள்கள் காலடியில் விழுந்தபோது உங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

மாடப்புறா:
பெரும்பாலானவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள், நானும்தான். முன்வரிசையில் ஒரு வயதான பெண்மணி மட்டும் குனிந்து ஒரு தாளை எடுத்தார். எடுத்தவருக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. படுக்கையறைக்குள் போய் உட்கார்ந்த பிறகும் அது அவர் கையிலேயே இருந்தது.

சேர்ந்திசை:
அந்த அம்மாவை நான் மறக்கப் போவதில்லை. ஆனாலும் அந்த இடத்தில் அவருக்குப் பின்னால் நின்று பாட நாற்பது பேர் இருந்திருக்க வேண்டும்.